கல்லில் முறுகும் மீன், கடைசியில் சேரும் எலுமிச்சை: கரிசல் பக்கத்து அடுக்களைக்குப் பயனுள்ள குறிப்புகள்

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. 1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது கடலோரம் முழுக்க இராமநாதபுரத்துப் பக்கம் போய்விட்டது. நமக்கு வைப்பாறும் கரிசலும் மேற்கே மலையும் வந்தன. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் மீன் கடைகளில் நிற்கும் கூட்டம் கடலோர ஊர்க் கூட்டத்துக்குக் குறைந்ததல்ல. வாரச் சம்பளம் கைக்கு வந்த மறுநாள், தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலை, அச்சகம் எல்லாவற்றுக்கும் லீவு. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே மதியம் அதுதான்.

அந்த மதியத்துக்குப் பெரும்பாலும் குழம்பு, இல்லையென்றால் மசாலா தடவிப் பொரித்த மீன். இரண்டும் நல்லவைதான். இங்கே சொல்லப்போவது மூன்றாவது வழி. தோலோடு கூடிய மீனைக் காய்ந்த தோசைக்கல்லில் கொஞ்ச எண்ணெயில் முறுகச் சுட்டு, எலுமிச்சை, சாத்துக்குடி, சோயா சாஸ், கருப்பட்டி சேர்ந்த புளிப்புச் சாஸோடு சாப்பிடுவது. ஜப்பானியர் பொன்சு என்றும், தாய்லாந்துக்காரர்கள் நாம் ஜிம் என்றும் இந்த வகைச் சாஸ்களைச் செய்கிறார்கள். பிலிப்பைன்ஸில் கலமான்சி என்ற குட்டி எலுமிச்சையைச் சோயாவில் பிழிந்துகொள்வார்கள். எண்ணெய் செலவு குறைவு, சுடும் வேலை பத்து நிமிஷத்தில் முடியும், வெயில் ஊரில் நாக்குக்கு இதமான புளிப்பு. இதற்கு வேண்டிய எந்தப் பொருளுக்கும் மதுரை வரை பஸ் ஏற வேண்டியதில்லை.

பிடித்துக்கொள்ள வேண்டிய விதி இரண்டுதான். மீன் கல்லில் விழும்போது அதில் சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு அடுப்பைப் பார்க்கவே கூடாது. கீழே வரும் குறிப்புகளில் பாதி இந்த இரண்டையும் காப்பாற்றத்தான்.

1. எந்தக் கிழமை வாங்குகிறோம் என்பது முக்கியம். தூத்துக்குடி விசைப்படகுகள் விடியும் முன் கடலுக்குப் போய் அன்று இரவே கரை திரும்புபவை. இரவு ஏலம் போகும் மீன் ஐஸ் பெட்டியில் ஏறி, எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக மறுநாள் காலை நம் கடைக்கு வந்துவிடும். தூத்துக்குடி மீனவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஆகவே ஞாயிறு காலை நாம் வாங்குவது சனிக்கிழமை பிடித்த மீன்; நல்ல மீன். திங்கள் காலை கிடைப்பதும் பெரும்பாலும் அதே சனிக்கிழமை மீன்தான். திங்கள் மீனைப் புளிக்குழம்பு வைக்கலாம், கல்லில் சுட வேண்டாம். ராமேசுவரத்து விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் போகும் வழக்கம். "இது எந்தக் கரை மீனு அண்ணாச்சி? எப்ப வந்துச்சு?" என்று கேட்டு வாங்குங்கள். மறைக்காமல் சொல்லும் கடைக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் அவரை விடாதீர்கள்.

2. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 61 நாள். அப்போது இந்தக் கரையிலிருந்து நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும். அதே கோடையில் எலுமிச்சை விலையும் ஏறியிருக்கும். இந்த இரண்டு மாதமும் பிடிவாதமாகக் கடல் மீன் தேடாமல் அணை மீனுக்கும் கண்மாய் மீனுக்கும் மாறிக்கொள்வது பைக்கு நல்லது. ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி, வெம்பக்கோட்டை, இருக்கன்குடி, மேற்கே பிளவக்கல் என்று நீர் நிற்கும் இடங்கள் நமக்கு இருக்கின்றன. மழை ஏமாற்றாத ஆண்டில் அங்கிருந்து நல்ல மீன் வரும்.

3. கல்லில் சுடுவதற்கு எல்லா மீனும் ஒத்து வராது. சதை கெட்டியாக, தோல் மெல்லியதாக, முள் எடுக்கச் சுலபமாக இருக்க வேண்டும். கடல் மீனில் விளமீன், பாறை, கொடுவா மூன்றும் முதல் தரம். சீலா கிடைத்தால் குறுக்கே வெட்டிய வட்டத் துண்டாகவே சுடலாம், ஆனால் விரல் தடிமன் வேண்டும். மெல்லிய துண்டு உள்ளே காய்ந்துவிடும். சூரைக்கு இந்தப் புளிப்புச் சாஸ் மிக நன்றாகப் பொருந்தும், விலையும் கட்டுப்படி. சாளை, அயலை இரண்டையும் முழுதாகவே கீறிப் போட்டுச் சுடலாம். அணை மீனில் என் வாக்கு ஜிலேபிக்குத்தான். சதைக்குள் பொடி முள் இல்லாததால் குழந்தைகளுக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம். விரால் கிடைத்தால் அதிர்ஷ்டம். கட்லாவும் ரோகுவும் சதைக்குள் பொடி முள் உள்ளவை. அவற்றைக் குழம்புக்கு விட்டுவிடுவது நல்லது.

4. கண் குழிவிழாமல் பளபளவென்று, செவுள் சிவப்பாக, சதையை விரலால் அழுத்தினால் குழி உடனே எழும்புவதாக இருக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்தது. சுடுவதற்கு வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: தோலில் கீறலோ கிழிசலோ இருந்தால் அந்த இடத்தில் முறுகாது, ஒட்டிக்கொள்ளும்.

5. சித்திரை வெயிலில் கடையிலிருந்து வீடு வரும் அரை மணி நேரமே மீனைக் கெடுக்கப் போதும். கடையிலேயே இரண்டு கை ஐஸ் கேட்டு, ஒரு மூடி போட்ட வாளியில் மீனுக்குக் கீழும் மேலும் போட்டுக் கொண்டுவாருங்கள். சூரை, அயலை, சாளை மூன்றுக்கும் இது கட்டாயம். சூட்டில் கிடந்தால் இந்த இன மீன்களின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். அதை எவ்வளவு வேகவைத்தாலும் போக்க முடியாது. ஐஸ் ஒன்றுதான் தடுப்பு.

6. வெட்டித் தருபவரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பழக்கத்தில் குழம்புத் துண்டாகப் போட்டுவிடுவார். "செதில் மட்டும் எடுங்க அண்ணாச்சி, தோலை உரிக்க வேண்டாம். நடுமுள்ளை ஒட்டிக் கத்தி விட்டு ரெண்டு பக்கமும் சதையை எறக்கிக் குடுங்க. தலையும் முள்ளும் தனியாப் போடுங்க." அந்தத் தலையும் முள்ளும் அன்று இரவு ரசத்துக்கோ குழம்புக்கோ ஆகும். செதில், குடல் எல்லாம் கடையிலேயே போய்விட்டால் வீட்டில் தண்ணீர்ச் செலவும் பாதி மிச்சம். நாள் விட்டு நாள் குழாய் பார்க்கிற தெருக்களில் இது சின்ன விஷயமல்ல.

7. பட்டாசு ஆலையிலிருந்து வருகிறவர்களுக்கு இது. அடுப்படிக்குள் நுழையும் முன் வேலைக்குப் போட்டிருந்த உடுப்பை மாற்றுங்கள். துணியில் ஒட்டிய மருந்தும் அலுமினியப் பொடியும் கண்ணுக்குத் தெரியாமல் மடிப்புகளில் இருக்கும். காய்ந்த கல், எண்ணெய், தீ மூன்றும் இருக்கும் இடத்துக்கு அந்தத் துணியோடு போகக் கூடாது. கையை முழங்கை வரை சோப்புப் போட்டு, நக இடுக்கு வரை தேய்த்துக் கழுவிய பிறகே மீனைத் தொடுங்கள். அந்த உடுப்பை வீட்டார் துணியோடு சேர்த்து ஊற வைக்காமல் தனியே துவையுங்கள். மருந்து சம்பந்தப்பட்ட எந்த வேலையையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், எவ்வளவு கூலி கூடுதல் என்றாலும். இந்த ஒரு குறிப்பை மட்டும் வாசித்துவிட்டு மற்றதையெல்லாம் மறந்தாலும் எனக்குச் சம்மதம்.

8. இனி ஈரம். கழுவிய மீனைச் சுத்தமான வேட்டித் துணியில் ஒற்றி எடுங்கள். இரு பக்கமும் பொடியுப்பைத் தூவி, தோல் மேலே தெரியும்படி தட்டில் பரப்பி, பதினைந்து நிமிஷம் ஃபிரிட்ஜில் மூடாமல் வையுங்கள். உப்பு உள் ஈரத்தை மேலே இழுத்துவிடும். அதை மறுபடி ஒற்றி எடுங்கள். தோலைத் தடவினால் விரல் வழுக்கக் கூடாது. ஏன் இவ்வளவு பாடு என்றால், தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகும். மீன் பொன்னிறமாக முறுக அதற்கு மேல், ஏறக்குறைய 140 டிகிரியாவது வேண்டும். தோலில் ஈரம் இருக்கும்வரை கல்லின் சூடெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே போய்விடும். மீன் முறுகாது, அவியும்.

9. எலுமிச்சை பிழிந்து மணிக்கணக்கில் ஊறவைப்பது நம் பக்கத்துப் பழக்கம். இந்தச் சமையலுக்கு அது வேண்டாம். புளிப்பு பட்டதும் மீன் சதை வெந்ததுபோல் வெளுத்து இறுகும். பிறகு கல்லில் போட்டால் உள்ளே இருந்த சாறெல்லாம் வெளியேறி, வாயில் சக்கையாக நிற்கும். அணை மீனுக்கும் கண்மாய் மீனுக்கும் மட்டும் விலக்கு உண்டு. அவற்றில் வரும் மண் வாடையை எடுக்கப் புளிப்பு நல்ல மருந்து. ஒரு எலுமிச்சைச் சாறும் ஒரு கரண்டி உப்பும் கலந்த தண்ணீரில் பத்தே நிமிஷம் போட்டு எடுத்து, அலசி, முந்தின குறிப்பில் சொன்னபடி ஈரம் போக்குங்கள். மோரிலும் இதைச் செய்யலாம்.

10. மீனுக்கு மேல் மிளகாய்த்தூள் வேண்டாம். கொஞ்ச எண்ணெயில், நல்ல சூட்டில், மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும். காரம் சாஸுக்குள் போகட்டும். மீனுக்குத் துளி மஞ்சளும் பொடித்த மிளகும் போதும். நிறத்துக்காக ஏங்க வேண்டாம், கல்லே நிறம் தரும். ஜிலேபிபோல் மென்மையான மீனாக இருந்தால், தோல் பக்கம் மட்டும் ஒரு சிட்டிகை பச்சரிசி மாவைத் தூவித் தட்டிவிடுங்கள். ஒட்டாது.

11. பழகின இரும்புத் தோசைக்கல்லை மிஞ்ச எதுவும் இல்லை. சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; குளிர்ந்த மீன் விழுந்தாலும் சட்டென்று ஆறாது. நான்ஸ்டிக் தவா இந்தச் சூட்டுக்கு ஏற்றதல்ல. வெறும் கல்லை மிதமான தீயில் ஐந்து நிமிஷம் காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உடனே மறையாமல் முத்தாக உருண்டு ஓட வேண்டும். அதுவே பதம்.

12. விருதுநகர் எண்ணெய்க்குப் பேர்போன ஊர். இதயம் நல்லெண்ணெய் கிளம்பியதே இங்கிருந்துதான். ஆனால் இந்த மீனை நல்லெண்ணெயில் சுட வேண்டாம், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுடுவதற்கு ரீஃபைண்டு கடலை எண்ணெய் நல்லது. செக்குக் கடலை எண்ணெய் வாசனையில் உயர்ந்தது, ஆனால் சீக்கிரமே புகைந்துவிடும். நாலு துண்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் தாராளம்.

13. இப்போது பொறுமை வேண்டிய இடம். எண்ணெய் நெளிந்து மின்னும்போது மீனைத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். வைக்கும்போது நம் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வைத்தால் எண்ணெய் நம் மேல் தெறிக்காது. வைத்ததும் தோல் சுருங்கும், துண்டு வில்லாக வளையப் பார்க்கும். தோசைத் திருப்பியால் இருபது விநாடி லேசாக அழுத்திப் பிடியுங்கள். தோலில் முன்பே இரண்டு மெல்லிய கீறல் போட்டிருந்தால் வளைவது குறையும். அதன் பிறகு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். தூக்கிப் பார்ப்பது, நகர்த்துவது, தட்டுவது எதுவும் வேண்டாம். மீன் முதலில் கல்லோடு ஒட்டும், முறுகிய பிறகு தானே விட்டுக்கொடுக்கும். மூன்று, நாலு நிமிஷம் கழித்துத் திருப்பியை நுழைத்தால் சுலபமாக வர வேண்டும். வரவில்லையென்றால் இன்னும் அரை நிமிஷம் கொடுங்கள். பிய்த்து எடுத்தால் தோல் கல்லில் தங்கிவிடும், இவ்வளவு உழைத்ததும் வீண். கல்லில் இடைவெளி விட்டு வையுங்கள். நெருக்கினால் ஆவி வெளியேற வழியில்லாமல் மறுபடியும் அவியத் தொடங்கும். வீட்டில் ஆறு பேர் என்றால் இரண்டு முறை சுடுவதே சரி.

14. ஓரத்தைப் பாருங்கள். கண்ணாடிபோல் இருந்த சதை கீழிருந்து மேலே வெளுத்துக்கொண்டே வரும். முக்கால் பங்கு வெளுத்ததும் திருப்புங்கள். மறுபக்கத்துக்கு ஒன்று, ஒன்றரை நிமிஷம் போதும். ஈர்க்குச்சியை நடுவில் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும், சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும். வெளிநாட்டில் மீனை உள்ளே பச்சையாக இருக்கும்போதே இறக்குகிறார்கள் என்று படத்தில் பார்த்து நாமும் செய்ய வேண்டாம். நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்த மீன், நம்முடைய வெயில். அணை மீனை அப்படிச் சாப்பிடவே கூடாது. நடுவரை வேக வேண்டும்.

15. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, ஒரு பெரிய தட்டால் கல்லை மூடிவிடுங்கள். சுடத் தொடங்கும் முன்பே அந்தத் தட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வையுங்கள்.

16. எலுமிச்சைக்கு நமக்குப் பஞ்சமில்லை. ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற வழியில் இருக்கும் புளியங்குடி, தமிழ்நாட்டுக்கே எலுமிச்சை அனுப்புகிற ஊர். தோல் மெல்லியதாக, கையில் கனமாக இருக்கும் மஞ்சள் பழத்தை எடுங்கள். வெந்நீரில் இரண்டு நிமிஷம் போட்டு, தரையில் உருட்டிப் பிழிந்தால் சாறு கூடுதலாக வரும். விலை மலிந்த மாதத்தில் நிறைய வாங்கிப் பிழிந்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் தடைக்காலக் கோடையைச் சமாளிக்கலாம்.

17. சாறு புளிப்பைத் தரும், வாசனை தோலில் இருக்கிறது. கமலா ஆரஞ்சுத் தோலை மெழுகுவர்த்திச் சுடருக்கு நேரே மடக்கிப் பிதுக்கினால் பொறி பறப்பதைச் சிவகாசிப் பிள்ளைகள் எல்லோரும் செய்து பார்த்திருப்பார்கள். எரிகிற அந்தத் துளிதான் வாசனை எண்ணெய். சூடு பட்டால் பறந்துவிடக்கூடியது. ஆகவே பிழியும் முன்பே எலுமிச்சையின் மேல்தோலைப் பொடித் துருவியில் மெல்லத் துருவிக்கொள்ளுங்கள். மஞ்சள் போய் வெள்ளை தெரிந்ததும் நிறுத்த வேண்டும், வெள்ளை கசக்கும். ஜப்பானியரின் யூசு பழம் நமக்குக் கிடைக்காது. எலுமிச்சைத் தோலும் கமலாத் தோலும் பாதிக்குப் பாதி கலந்தால் அந்த மணத்துக்கு அருகில் போகலாம்.

18. சாஸ் அளவு, அரைக் கிலோ சதைக்கு: எலுமிச்சைச் சாறு மூன்று மேசைக்கரண்டி, சாத்துக்குடிச் சாறு நாலு மேசைக்கரண்டி, சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, பொடித்த கருப்பட்டி ஒன்றரை மேசைக்கரண்டி, பூண்டு நாலு பல், கட்டை விரல் நீள இஞ்சி, நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி, காரத்துக்கு மிளகாய். செய்முறை இதுதான். கருப்பட்டியை நாலு கரண்டித் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள், மண் இருக்கும். அதில் சோயா சாஸ், நசுக்கிய பூண்டு, துருவிய இஞ்சி சேர்த்து இரண்டு நிமிஷம் கொதிக்கவிட்டு இறக்கிவிடுங்கள். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே எலுமிச்சைச் சாறும் சாத்துக்குடிச் சாறும். சூட்டில் ஊற்றினால் மணம் போய், கசப்பு மட்டும் மிஞ்சும். பரிமாறும் நேரத்தில் துருவிய தோலும் நல்லெண்ணெயும். உப்பு தனியே போடவே வேண்டாம், சோயாவிலும் மீனிலும் இருப்பது போதும். நாக்கில் முதலில் புளிப்பு, உடனே உப்பு, பின்னால் கருப்பட்டி இனிப்பு என்று வர வேண்டும். இனிப்பு முந்தினால் ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு கூட்டுங்கள்.

19. தாய்லாந்துக்காரர்கள் இந்த இடத்தில் பனைவெல்லம் போடுவார்கள். வேம்பார் கருப்பட்டியும் உடன்குடிக் கருப்பட்டியும் பக்கத்தில் இருக்கும் நமக்கு வெள்ளைச் சீனி எதற்கு? ஒன்று மட்டும்: கருப்பட்டியும் சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்களுக்கு அதை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்துச் சாத்துக்குடியைக் கூட்டுங்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்குச் சோயா சாஸைப் பாதியாக்கித் தண்ணீர் சேருங்கள்.

20. மிளகாயில் உங்கள் வீட்டு மனம்போல் செய்யலாம். பச்சை மிளகாயைப் பொடியாக நறுக்கிப் போட்டால் தாய்லாந்துப் பக்கம் சாயும். எனக்குப் பிடித்தது நம் சம்பா வத்தல். நாலு வத்தலை விதை தட்டி, வெந்நீரில் ஊறவைத்து, பூண்டோடு அம்மியில் நைத்துச் சேர்த்தால் நிறமும் காரமும் நம் ஊருடையதாக இருக்கும்.

21. சாஸில் ஏதோ ஆழம் குறைகிறது என்று தோன்றினால் கருவாட்டுக் கடைக்குப் போங்கள். பொன்சுவில் ஜப்பானியர் சேர்ப்பது, வேகவைத்துப் புகையூட்டிக் காயவைத்த சூரை மீனின் சீவல். இலங்கைத் தமிழர் சம்பலில் இடிக்கிற மாசி அதற்கு நெருங்கிய உறவு. தூத்துக்குடிக் கருவாட்டுக் கடைகளில் கிடைக்கும். அரைத் தேக்கரண்டி மாசித் தூளைக் கொதிக்கும் சோயாவில் போட்டு வடிகட்டுங்கள். மாசி இல்லையா? நாலைந்து நெத்திலிக் கருவாட்டை வெறும் சட்டியில் வறுத்து அதே மாதிரி கொதிக்கவிடுங்கள். தாய்லாந்து மீன் சாஸின் மூலப் பொருளும் நெத்திலி இனம்தானே.

22. நார்த்தை மரம் வைத்திருக்கும் வீடுகள் கொடுத்துவைத்தவை. வேப்பிலைக்கட்டி இடிக்கப் பறிக்கிற அதே இளம் இலையை எடுத்து, நடு நரம்பைக் கிழித்துப் போட்டு, சுருட்டி, நூல் நூலாக நறுக்கிச் சாஸில் தூவுங்கள். தாய்லாந்துச் சமையலில் வருகிற எலுமிச்சை இலை வாசனைக்கு இது சரியான மாற்று. எலுமிச்சை இலையும் ஆகும், ஆனால் நார்த்தைக்கு ஈடாகாது. நார்த்தங்காய்ச் சாற்றை மட்டும் தனியே நம்பி இறங்க வேண்டாம், கசப்பு முன்னால் நிற்கும். எலுமிச்சையோடு கால் பங்கு கலந்தால் நன்றாக இருக்கும்.

23. சாஸைப் பித்தளையிலோ செம்பிலோ அலுமினியத்திலோ கலக்காதீர்கள். எவர்சில்வர், மண்சட்டி, பீங்கான் மூன்றும் நல்லவை. மீன் சுட்ட இரும்புக் கல்லிலேயே சாஸை ஊற்றிப் புரட்டுவதும் வேண்டாம். புளிப்பு பட்டுக் கல்லின் பழக்கம் உரியும், சாஸில் இரும்பு நெடி ஏறும்.

24. கெட்டியான சாஸ்தான் வேண்டும் என்று வீட்டில் கேட்டால், ஒரு தேக்கரண்டிச் சோளமாவைத் தண்ணீரில் கரைத்து, சோயா கொதிக்கும்போதே சேர்த்துக் கெட்டியாக்கிவிடுங்கள். பழச்சாறு ஊற்றிய பிறகு மாவைப் போட்டுக் கொதிக்கவிட்டால் புளிப்பு மாவின் பிடிப்பை உடைத்துவிடும், நீர்த்தே இருக்கும்.

25. பரிமாறும்போது சாஸைத் தட்டில் ஊற்றி, அதன் மேல் மீனைத் தோல் மேல்நோக்கி இருக்கும்படி வையுங்கள். மேலே ஊற்றினால் அத்தனை முறுகலும் ஒரு நிமிஷத்தில் நமுத்துப்போகும். சாஸைக் காலையிலேயே செய்து வைத்துவிடலாம், மீனை எல்லோரும் உட்கார்ந்த பிறகு சுடுங்கள். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் ஆலையிலிருந்து இருட்டி வீடு திரும்புகிறவர்களுக்கும் இந்த முறை ஒத்து வரும். ஃபிரிட்ஜில் சாஸ் பாட்டில் இருந்தால், மீன் வாங்கி வந்த அரை மணி நேரத்தில் சாப்பாடு.

26. துணைக்கு வெள்ளைச் சோறு போதும். நம் மாவட்டத்து மானாவாரிக் காட்டில் விளைகிற குதிரைவாலியை உதிராக வடித்துப் போட்டால் இன்னும் நல்லது. சாஸை அது இழுத்துக்கொள்ளும் விதமே தனி. கோடையில் சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சை மெல்லிதாக அரிந்து, இதே சாஸில் இரண்டு கரண்டி விட்டுப் பிசிறி வையுங்கள். சின்ன வெங்காயத்தை எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து மேலே தூவினால் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸின் சாயல் வரும். அந்தச் சுவை நமக்குப் புதிதல்ல. விருதுநகர் எண்ணெய் புரோட்டாவுக்குப் பேர்பெற்ற கடைகளில் ஒன்றுக்குப் பெயரே பர்மா கடை.

27. கையில் மீன் வாடை நின்றால் பிழிந்த எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கழுவுங்கள். மீன் நெடிக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உடையது, புளிப்பு அதை அடக்கிவிடும். மிச்ச மூடிகளைச் சிறு பாத்திரத்தில் தண்ணீரோடு கொதிக்கவிட்டால் அடுக்களை நெடியும் போகும். கல்லைச் சூடு ஆறும் முன் வெந்நீரும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்து, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிட்டு, துளி எண்ணெய் தடவி வையுங்கள். மறுநாள் தோசை ஒட்டாது.

28. மீன் தொடாத சாஸ் மூடிய பாட்டிலில் ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். அதற்கு மேல் வைத்தால் எலுமிச்சை கசக்கத் தொடங்கும். அவித்த நிலக்கடலைக்கு இதைப் பிசிறிக் கொடுத்துப் பாருங்கள், மாலைப் பலகாரம் முடிந்தது. மிச்ச மீனை மறுபடி கல்லில் போட வேண்டாம், நார் நாராகிவிடும். முள் பார்த்து உதிர்த்து, இரவு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் புட்டாகக் கிளறி, இறக்கிய பிறகு இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.